நடிப்பை விட்டுவிட்டு முழுநேரமும் பாட்டுக்கே போகலாமா?

கேள்வி, பிப்ரவரி 4

ஏழு வருடமாக நடிக்கிறேன். மேடையில் ஆரம்பித்தேன், இப்போது தொடர்களில் துணைப் பாத்திரங்கள். வேலை தொடர்ந்து வருகிறது. ஆனால் சின்ன வயதில் கற்று, நடுவில் விட்ட பாட்டை மறுபடி ஓர் ஆசிரியரிடம் பிடித்த நாளிலிருந்து மனது அங்கேயே கிடக்கிறது. நடிப்பை அடியோடு விட்டால்தான் பாட்டு வருமா, இரண்டையும் கொண்டுசெலுத்த முடியுமா? இரண்டிலும் இருந்தவர்கள் சொல்லுங்கள். "மனசு சொல்வதைக் கேள்" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். மனசு தினமும் வேறு வேறு சொல்கிறது.

பிப்ரவரி 4, இரவு

மேடை, தொடர், சில படங்களில் அண்ணி, தோழி, வக்கீல் எல்லாம் செய்துவிட்டுப் பாட்டுக்கு வந்தவள் நான். இப்போது பாட்டு மட்டும்தான்.

நடிகருக்கு வேலை என்பது இன்னொருவர் கூப்பிடுவதில் தொடங்குகிறது. எழுத ஒருவர், எடுக்க ஒருவர், பணம் போட ஒருவர், எதிரில் நின்று பேச ஒருவர். இத்தனை பேர் கூடினால்தான் நாம் நடிகர். கண்ணாடி முன்னால் நின்று வசனம் சொல்லிப் பார்க்கலாம், அது பயிற்சி; நடிப்பு ஆகாது. பாட்டு அப்படியில்லை. விடியற்காலையில் சுருதியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வேலை நடக்கிறது. அன்றைக்குக் கேட்க ஒரு ஆள் இல்லாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான், மறுநாள் தொண்டையில் அது இருக்கும்.

எனக்கு நடிப்பு சலிக்கவில்லை. காத்திருப்பது சலித்தது. மேக்கப்போடு உட்கார்ந்து, லைட்டிங் முடியட்டும், நாயகன் வரட்டும், மேகம் விலகட்டும் என்று கழிந்த பொழுதெல்லாம் மனதுக்குள் ஏதோ ஒரு கீர்த்தனையின் சங்கதியைத்தான், ஒரே வரியை வேறு வேறு விதமாகப் பாடுவதைத்தான், உருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில், வேலை நேரத்தில் நான் உண்மையில் செய்துகொண்டிருந்தது எது என்று எனக்கே தெளிவாகிவிட்டது.

உங்களிடம் கேட்க விரும்புவது ஒன்றுதான். கால்ஷீட் இல்லாத நாளில் என்ன செய்கிறீர்கள்? அடுத்த கால்ஷீட்டைத் தேடுகிறீர்களா, பாட உட்காருகிறீர்களா?

பிப்ரவரி 5

கீழே ஒருவர், "எம்.எஸ். சுப்புலட்சுமியே சினிமா சரிவராமல்தானே கச்சேரிக்குப் போனார்" என்று எழுதியிருக்கிறார். இல்லை. அவர் நடித்தவை நான்கு படங்கள்: 1938, 1940, 1941, கடைசியாக 1945இல் மீரா. மீரா ஓடியது. 1947இல் இந்தியிலும் வந்து நாடு முழுக்க அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த உச்சியில் நின்றுதான் நடிப்பை நிறுத்தினார். மூன்றாவது படத்தில் அவர் நாரதராக ஆண் வேடம் போட்டதுகூடக் கல்கி பத்திரிகை தொடங்கப் பணம் சேர்ப்பதற்காக. சினிமா கைவிட்டதால் ஒதுங்கியவர் என்று எந்தக் கணக்கிலும் சொல்ல முடியாது.

பிப்ரவரி 5, பிற்பகல்

அதை எழுதிவிட்டு யோசித்துக்கொண்டே இருந்தேன். எம்.எஸ்ஸின் கதை உங்களுக்கு முன்மாதிரி ஆகுமா என்றால், முழுக்க ஆகாது.

அவர் பத்து வயதில் இசைத்தட்டு கொடுத்தவர். நடிக்க வருவதற்கு முன்பே பெயர்பெற்ற பாடகி. 1940இல் அவரோடு துஷ்யந்தனாக நடித்த ஜி.என். பாலசுப்பிரமணியமும் அப்படித்தான்: முதலில் கச்சேரி, பிறகு திரை, பிறகு மீண்டும் கச்சேரி, 1958இல் மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது. முசிரி சுப்பிரமணிய ஐயர் 1938இல் துக்காராமாக நடித்தார். அந்த ஒரு படத்தோடு சரி. 1949இல் தொடங்கிய மத்திய கர்நாடக இசைக் கல்லூரிக்கு முதல்வராக இருந்து பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தார்.

இவர்களை எல்லாம் கேமரா முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதே பாட்டுதான். பேசும் படம் வந்த புதிதில் நடிப்பவரேதான் பாட வேண்டும், அதுவும் படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே. ஆகவே பாடத் தெரிந்தவரைத் தேடிப் பிடித்து நடிக்க வைத்தார்கள். 1930களின் நடுவில் பின்னணிப் பாடல் முறை வந்து, அடுத்த பத்தாண்டில் வேரூன்றியபோது முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்று ஆனது. பாடகர்கள் நடிக்க வேண்டிய தேவையே போய்விட்டது. அவர்கள் நடிப்பைத் துறந்தார்கள் என்பதைவிட, தங்கள் இடத்துக்குத் திரும்பினார்கள் என்று சொல்வதே பொருந்தும்.

நீங்களும் நானும் வேறு வகை. நடிப்பில் உருவான பிறகு பாட்டுக்குப் போகிறோம். நமக்குத் திரும்பிப் போக ஒரு வீடு அங்கே தயாராக இல்லை, கட்ட வேண்டும். அதற்கு வேறு ஆட்களைப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 6

வேறு ஆட்கள். கைலி மினோக் 1986இல் ஒரு ஆஸ்திரேலியத் தொடரில் நடிக்க வந்தார். அடுத்த ஆண்டே முதல் பாட்டு வெளிவந்து அங்கே முதலிடத்துக்குப் போனது. 1988இல் தொடரை விட்டார், அதே ஆண்டு முதல் ஆல்பம். ராப் பாடகர் டிரேக் கனடாவில் பதின்பருவத் தொடர் ஒன்றில் நடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 2006இல், தன் முதல் பாட்டுத் தொகுப்பை (மிக்ஸ்டேப்) தானே வெளியிட்டார். டெய்லர் மாம்சன் ஏழு வயதில் பெரிய படத்தில் நடித்தவர். பதின்பருவத்தில் புகழ்பெற்ற தொடர் ஒன்றில் இருக்கும்போதே 2009இல் ராக் குழு அமைத்தார். 2010இல் ஆல்பம். 2011இல்தான் நடிப்பை விட்டதாகச் சொன்னார்.

மூன்று பேரிடமும் ஒன்று பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். விட்டுவிட்டுத் தொடங்கவில்லை. தொடங்கி, பாட்டு கையில் வந்த பிறகு விட்டார்கள். "முழுசாக விட்டால்தான் வருமா" என்ற உங்கள் கேள்விக்கு இது பாதிப் பதில்.

பிப்ரவரி 6, கொஞ்ச நேரம் கழித்து

மீதிப் பாதி நேற்று தூங்கவிடவில்லை. அந்த மூன்று பேரும் பாடியது மைக்கை நம்பிய, ஸ்டுடியோவில் கட்டப்படுகிற இசை. அதில் அடுக்கலாம், திருத்தலாம், ஒரு வரியை எத்தனை முறையும் எடுக்கலாம். தினமும் பல மணி நேரச் சாதகம், அதாவது பயிற்சி, கேட்கிற இசையை எடுத்துக்கொண்டால் இரண்டு படகில் கால் வைப்பது வேறு மாதிரி முடியும். எந்த இசை என்று நீங்கள் சொல்லவில்லை. அதைச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 8

கர்நாடக இசை என்கிறீர்கள், கூடவே சொந்தமாகப் பாட்டு கட்டவும் ஆசை என்கிறீர்கள். நல்லது. அப்படியானால் குரலைப் பற்றிப் பேசியாக வேண்டும். மற்ற எதையும்விட இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நடிப்பு குரலைச் செலவழிக்கிற விதம் வேறு. சண்டைக் காட்சியில் கத்துகிறோம். டப்பிங் தியேட்டரில் அதே கத்தலை மறுபடி, உதடு பொருந்தும்வரை மறுபடி மறுபடி கத்துகிறோம். ஒப்பாரி, அலறல், மூச்சிரைப்பு எல்லாம் மைக்குக்கு மிக அருகில். புகை போட்ட அரங்கில் நாள் முழுக்க நின்றால் தொண்டை காய்ந்துபோகும். குரல்நாண்கள் இரண்டும் பேசும்போதே வினாடிக்குப் பெண்களிடம் சுமார் 200 முறை மோதிப் பிரிகின்றன. கத்தினால் அந்த மோதல் கடுமையாகிறது. தொடர்ந்து கடுமையாக மோதினால் இரண்டு நாண்களிலும் எதிரெதிரே, அதிகம் அடிபடுகிற இடத்தில், காய்ப்பு போல முண்டு வளரும். பெரும்பாலும் குரல் ஓய்விலும் குரல் பயிற்சியிலும் சரியாகும். ஆனால் மேல்ஸ்தாயியில் மெல்லப் பாடுகிறபோது முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். சத்தமாகப் பாடும்போது தெரியாது. மெல்லப் பாடும்போது குரல் ஒரு கணம் தாமதமாகப் பிடிக்கும், அல்லது வெறும் காற்று வரும்.

எனக்கு அப்படிக் காற்று வந்தது. ஒரு தொடரில் வீட்டையே அலறவைக்கிற மருமகளாக நடித்துக்கொண்டிருந்த காலம். தார ஸ்தாயி காந்தாரத்தை, மேலே இருக்கிற அந்த 'க' சுரத்தை, மென்மையாகத் தொட முடியவில்லை. மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்து, இப்போதே நிறுத்தினால் நல்லது என்றார். எதை நிறுத்த வேண்டும் என்று அவரிடம் நான் கேட்கவில்லை, எனக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தொடர்தான் நான் நடித்த கடைசித் தொடர்.

கிசுகிசுத்துப் பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நினைக்காதீர்கள். அழுத்திக் கிசுகிசுப்பதும் குரல்வளையை இறுக்கும். ஓய்வு என்றால் மௌனம். தண்ணீரும் குடித்த உடனே குரல்நாணில் படுவதில்லை, அது போகிற வழி வேறு. உடம்பு முழுக்க ஈரம் இருந்தால்தான் அங்கே ஈரம் வரும். பாடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு செம்பு தண்ணீர் குடித்துப் பயனில்லை, முந்தின நாளிலிருந்தே குடித்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 8, இரவு

ஒரு நாடக நண்பர் கேட்கிறார்: "நடிப்புப் பயிற்சி பாட்டுக்கு உதவாதா? பாவம், அதாவது உணர்ச்சி வெளிப்பாடு, வேண்டாமா?"

உதவும். ஆனால் உதவும் என்று எல்லோரும் நினைக்கிற இடத்தில் இல்லை.

நல்ல நடிகர் அழுகைக் காட்சியில் உண்மையாகவே கலங்குவார். தொண்டை அடைக்கும், உதடு துடிக்கும், பார்ப்பவர் உருகுவார்கள். பாடும்போது அதே கலக்கம் வந்தால் பாட்டு நின்றுவிடும். அழுகை வந்தால் குரல்வளை இறுகுகிறது, மூச்சு துண்டுதுண்டாகிறது, சுருதி இறங்குகிறது. நான் மேடையில் பாடத் தொடங்கிய புதிதில் முகாரி என்கிற சோக ராகத்தில் ஒன்று பாடி நானே கலங்கி, சரணத்தின் நடுவில் குரல் உடைந்து நின்றேன். கேட்டவர்கள் நெகிழ்ந்து கைதட்டினார்கள். என் ஆசிரியர் மட்டும் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. மறுநாள், "அழ வேண்டியது அவர்கள். நீ பாடு" என்றார். நடிகையாக எனக்கு இருந்த மிகப் பெரிய பலம், உடனே கரைந்துபோகிற அந்தத் திறமை. அதை ஒதுக்கிவைக்கக் கற்றுக்கொள்ளவே வெகுகாலம் ஆயிற்று. வரியின் துக்கம் கமகத்தில், சுரத்தை அசைக்கிற அந்த அசைவில், இருக்கிறது, அந்த ராகத்தின் பிடியில் இருக்கிறது. அதைச் சுத்தமாகப் பிடித்தால் போதும், என் துக்கத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை.

இன்னொன்று இடைவெளி. நடிப்பில் இடைவெளி என் கையில். வசனத்துக்கு நடுவே ஒரு கணம் நிறுத்தி, எதிராளியைப் பார்த்து, பிறகு சொல்லலாம். அந்த நிறுத்தத்தில்தான் நடிகர் யார் என்று தெரியும். தாளம் அப்படிக் காத்திருக்காது. மிருதங்கக்காரர் என் உணர்ச்சி தீரும்வரை நிற்க மாட்டார். முதல் வருடங்களில் என் எடுப்பெல்லாம், தாளத்தில் பாட்டு தொடங்குகிற இடமெல்லாம், தள்ளிப்போகும், காரணம் இந்தப் பழக்கம்தான். வசனம் சொல்லிச் சொல்லி, சொல்லின் முன்னால் மூச்சை ஒரு கணம் பிடித்து நிற்கிற பழக்கம்.

உதவுவது எது தெரியுமா? சாகித்யம், பாட்டின் சொற்கள். ஒரு வரியை யார், யாரிடம், எந்த நிலையில் சொல்கிறார் என்று கேட்கிற பழக்கம் நடிகருக்கு உடம்பில் ஊறியது. அது பாடகர்கள் பலரிடம் இல்லை. சொல்லை எங்கே பிரிக்கக் கூடாது, எந்தச் சொல்லில் நிரவல், ஒரே வரியை விரித்து விரித்துப் பாடுவது, நிற்க வேண்டும் என்பது நமக்குச் சட்டென்று தெரியும். பிறகு கேட்கிற காது. எதிராளி வசனத்தைக் கேட்டு நடித்தவர்கள் பக்கவாத்தியத்தையும் கேட்பார்கள். வயலின் கொடுக்கிற பதிலைக் கேட்காமலே அடுத்த பிடியைத் தொடங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாடகத்திலிருந்து வந்தவருக்கு அப்படிச் செய்யவே வராது.

பிப்ரவரி 11

பணம் பற்றிக் கேட்டவருக்கு.

மாதா மாதம் என்ன வரும் என்று நான் சொல்ல முடியாது. பணம் வருகிற முறை எப்படி வேறுபடுகிறது என்று சொல்லலாம், அதுதான் பலர் பார்க்காமல் விடுவது. நடிகருக்கு நாளுக்கு அல்லது காட்சிக்கு ஊதியம், அதோடு பெரும்பாலும் முடிந்தது. பாட்டில் இரண்டு தனித்தனி உடைமைகள்: பாட்டு என்கிற படைப்பு ஒன்று, அதன் ஒலிப்பதிவு இன்னொன்று. எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை முதலாவதில். பதிவு செய்த நிறுவனத்தின் உரிமை இரண்டாவதில். பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று.

இதில் ஒரு வரலாறு உண்டு. 1961இன் ரோம் ஒப்பந்தம் நிகழ்த்துநர் உரிமைகளை உலக அளவில் முதலில் வகுத்தது. அதிலேயே, நடிகர் ஒருமுறை தன் நடிப்பைப் படமாக்கச் சம்மதித்துவிட்டால் அந்த ஒப்பந்தத்தின் பாதுகாப்பு அதற்குப் பொருந்தாது என்று ஒரு பிரிவு. 1996இல் வந்த ஒப்பந்தம் ஒலிப்பதிவில் பாடுகிறவர்களின் நிலையை உயர்த்தியது. திரையில் நடிப்பவர்களுக்கு அப்படி ஒன்று பீஜிங்கில் கையெழுத்தாக 2012 ஆயிற்று, நடைமுறைக்கு வர 2020. பாடுகிறவருக்கும் நடிக்கிறவருக்கும் இடையில் எத்தனை ஆண்டு இடைவெளி என்று பாருங்கள். இதை நான் நடித்துக்கொண்டிருந்தபோது யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஆகவே சொந்தமாகப் பாட்டு கட்டுங்கள். கட்டியதை உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். "எல்லா உரிமைகளும், எல்லாக் காலத்துக்கும்" என்று வருகிற தாளில் இரண்டு முறை யோசித்துக் கையெழுத்திடுங்கள்.

பிப்ரவரி 12

"ஹியூ லாரி?" என்று ஒற்றை வரியில் கேட்டவருக்கு: அந்த ஆங்கில நடிகர் நடிப்பை விட்டவர் இல்லை. மருத்துவராக நடித்த 'ஹவுஸ்' தொடர் 2012இல் முடிவதற்கு முந்தின ஆண்டே ப்ளூஸ் ஆல்பம் கொடுத்தார், 2013இல் இன்னொன்று, பிறகு நடிப்புக்கும் வந்துவிட்டார். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டவர். அதுவும் கௌரவமான வழிதான். பியானோ சிறுவயதிலிருந்தே அவர் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 15

நீங்கள் எழுதியதைப் படித்தேன். கால்ஷீட் இல்லாத நாளில் காலையில் பாடுகிறேன், மதியத்துக்கு மேல் யாராவது கூப்பிடுவார்களா என்று போனைப் பார்க்கிறேன் என்று நேர்மையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும் இருந்தது. பாட்டுக்கு வந்த பிறகும் அந்தப் போன் பார்க்கிற பழக்கம் போகவில்லை, சபாக்காரர்கள் கூப்பிடுவார்களா என்று பார்த்தேன். பாட்டிலும் மேடைக்குக் கூப்பிட ஒருவர் வேண்டும். முதல் குறிப்பில் பாட்டு யாருக்கும் காத்திருக்காது என்று எழுதினேன். சாதகத்துக்கு அது பொருந்தும், கச்சேரிக்குப் பொருந்தாது. ஆனாலும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. கச்சேரி கிடைக்காத வருடத்தில் பாடகர் வளர முடியும். வாய்ப்பு கிடைக்காத வருடத்தில் நடிகர் வளர்வது மிகக் கடினம். எனக்கு மேடையே கிடைக்காத ஒரு காலத்தில்தான் தோடி ராகம் கொஞ்சம் பிடிபட்டது.

இன்னொரு விஷயம், இதை மெல்லச் சொல்கிறேன். நடிகராக நமக்கு வயது ஏற ஏறப் பாத்திரங்கள் மாறும், நாயகி தங்கையாவாள், தங்கை அம்மாவாவாள், பிறகு கூப்பிடுவது குறையும். பெண்களுக்கு இது இன்னும் சீக்கிரம். பாட்டில் வயது வேறு விதமாக வேலை செய்கிறது. குரல் கனக்கும், மேலே எட்டுவது குறையும், ஆனால் ராகத்தில் நிற்கிற நிதானம் கூடும். வயதானவரின் பாட்டைத் தேடிப்போய்க் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் மாறியதில் இதற்கும் பெரும் பங்கு உண்டு. அறுபதிலும் செய்யக்கூடிய வேலை எனக்கு வேண்டியிருந்தது.

பிப்ரவரி 15, இரவு

வீட்டார் பற்றிக் கேட்டீர்கள். டிவியில் முகம் தெரிந்தவள் என்றால் உறவில் ஒரு மதிப்பு. அது போனபோது என் அம்மா வருத்தப்பட்டார், நான் பாட்டைக் கைவிட்ட காலத்தில் வருத்தப்பட்டதும் அவர்தான். விளக்கிக்கொண்டிருக்கவில்லை. பாடும்போது பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னேன். இப்போது தாளம் தப்பினால் அவர்தான் முதலில் நிமிர்ந்து பார்க்கிறார்.

பிப்ரவரி 19

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில். முழுக்க விட வேண்டியது நடிப்பை அல்ல, குரலை அழிக்கிற நடிப்பை. அதை இன்றைக்கே விடுங்கள், அடுத்த தொடருக்குக் கையெழுத்து போடுவதற்கு முன்னால். நீண்ட கால்ஷீட் கேட்கிற வேலைகளும் போகட்டும், காலைச் சாதகத்தை அவைதான் தின்கின்றன. மேடை நாடகம் ஒன்றிரண்டு, மென்மையாகப் பேசுகிற பாத்திரம், ஒலிப்புத்தகம் வாசிப்பது, இவை சோறு போடுமானால் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு தன் இடத்தைத் தானே கேட்டு வாங்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது, நடிப்பை விட்டேன் என்று ஒரு நாளை என்னால் சுட்டிக்காட்ட முடியாது.

நேற்று எழுதியதில், நண்பர்கள் சொல்கிறார்கள் என்று, நடிப்பை விடுவதாக ஒரு அறிவிப்பு போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மாம்சன் சொன்னது ஆல்பம் வந்து ஓராண்டு கழித்து. எம்.எஸ். அடுத்த படத்தை ஏற்கவில்லை, அவ்வளவுதான். அறிவிப்பு போட்டால் நான்கு நாள் எல்லோரும் கேட்பார்கள், ஐந்தாம் நாள் பாட்டு எங்கே என்பார்கள், அப்போது கையில் பாட்டு இருக்க வேண்டும்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. இப்போது நடிக்கிற தொடரின் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வேறு இடத்தில் பாடவோ பதிவு செய்யவோ தடை இருக்கிறதா, உங்கள் குரலையும் பெயரையும் விளம்பரத்துக்கு எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார்கள், முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்று மூன்றையும் பாருங்கள். புரியாவிட்டால் வக்கீலிடம் காட்டுங்கள், வக்கீலாக நடித்தவளிடம் அல்ல. பதிவுக்குத் தேதி குறிப்பது அதற்குப் பிறகு.